காகிதத்தில் தஞ்சைப் பீரங்கி

ஒரு பொருளின் மாதிரி உருவை இருவகையாகச் செய்யலாம். அதன் புறத்தோற்றத்தை மட்டும் பார்த்துச் செய்வது ஒருவகை. அப்பொருளை ஆக்கியவர்கள் எந்த வரிசையில், எந்த முறையில் ஆக்கினார்களோ, அதே வரிசையில் அதே முறையில் நாமும் ஆக்கிப் பார்ப்பது மற்றொரு வகை. முதல்வகை மாதிரி கண்ணுக்கு இன்பம் தரும். இரண்டாம் வகையோ, அப்பொருள் ஏன் அவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் காரணத்தையே நம் கைவிரல்களுக்குக் கற்பித்துவிடும். மாணவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகையே என்பது என் துணிபு. இதற்கு எடுத்துக்காட்டாக, தஞ்சாவூரில் உள்ள பெரிய இரும்புப் பீரங்கியைக் காகிதத்தில் செய்யும் முறையையும், அதிலிருந்து நாம் கற்கக்கூடியவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தஞ்சை நகரின் கீழவாசல் பகுதியில் பீரங்கிமேடு என்று ஓர் இடம் உண்டு. பழைய கோட்டையின் கொத்தளம் அது. அதன்மேல், கட்டடத் தாங்கிகளின் மீது, கிழக்கு நோக்கியவண்ணம் ஒரு நெடிய பீரங்கி கிடக்கிறது. இராசகோபாலப் பீரங்கி என்று அதனை வழங்குவர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரகுநாத நாயக்கர் ஆட்சிக் காலத்தில் அஃது உருவாயிற்று. 1620இல் தரங்கம்பாடியில் டேனியர் தங்கி வாணிகம் செய்ய இடமளித்த மன்னர் இவரே. பீரங்கியின் நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். அதாவது, சுமார் 25 அடி. வாய்ப்புறத்தில் வெளிவிட்டம் 93 சென்டிமீட்டர். உள்விட்டம் 63 சென்டிமீட்டர். குழற்சுவரின் கனம் 15 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 22 டன். உலையிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து இணைத்த இரும்பால் ஆன பீரங்கிகளுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் இஃது ஒன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியம், இந்திய அறிஞரும் பிரெஞ்சு அறிஞரும் ஆகிய சிலருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார்; அவ்வாய்வு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் வாழும் ஒருவனுக்குத் தஞ்சைப் பீரங்கியோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். எங்கள் ஊர் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று சிப்காட் தொழிற்பூங்கா அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையில் மோட்டார் வண்டிகளும், அவற்றின் உறுப்புகளும், பிறவும் இரவுபகலாக உருவாகின்றன. ஊர்ப் பிள்ளைகளில் பலர் நாளை இத்தொழிற்சாலைகளுக்குள் செல்ல இருப்பவர்கள். இரும்போடு பழகப்போகும் அப்பிள்ளைகள், இரும்பை ஆண்ட நம் முன்னோரின் அறிவைச் சிறிதேனும் அறிந்து செல்லவேண்டாவா? ஓய்வு பெற்ற பின்னர், விடுமுறை நாட்களில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் மாணவர்களுக்கு இந்தக் காகிதப் பீரங்கியைச் செய்யக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது இந்த நோக்கத்தினால்தான்.

முதலில் மெய்யான பீரங்கி உருவான முறையைத் தெரிந்துகொள்வோம். பீரங்கி செய்யப் பண்டைக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உலோகத்தை உருக்கி அச்சில் வார்ப்பது. பிஜப்பூரில் உள்ள புகழ்பெற்ற 'மாலிக்-இ-மைதான்' வெண்கலத்தில் இவ்வாறு வார்க்கப்பட்டது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் 1000 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். இரும்போ 1538 பாகையில்தான் உருகும். கரி அடுக்கித் துருத்தி ஊதிய நம் நாட்டு உலைகளில் அவ்வளவு வெப்பத்தை எட்டி, டன் கணக்கான இரும்பை நீராக உருக்குதல் இயலாத செயல். உலையிலிருந்து கிடைத்தது கசடு கலந்த இரும்புக் கட்டி. அதனை மீண்டும் காய்ச்சி, அடித்து, கசட்டைப் பிழிந்து வெளியேற்றிப் பட்டையாகவும் கம்பியாகவும் ஆக்கினர். நன்கு பழுத்து வெண்மை தட்டிய இரு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓங்கி அடித்தால் அவை இரண்டறக் கலந்து ஒன்றாகும். டில்லியில் குதுப்மினாரின் அருகில் நிற்கும், ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையுள்ள இரும்புத் தூண் இவ்வாறு இணைத்து ஆக்கப்பட்டதே. தஞ்சைப் பீரங்கியும் அம்மரபில் வந்தது.

அதன் அமைப்பு வருமாறு: முதலில், பீரங்கியின் நீளத்துக்கு நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் இணைத்து, ஒரு குழல் ஆக்கினார்கள். பட்டைகளின் எண்ணிக்கை நாற்பதுக்கு மேல். பிறகு அக்குழலின்மேல், இரும்பு வளையங்களை ஒன்றை அடுத்து ஒன்றாக, வாய் முதல் அடி வரையில் நெருக்கமாக ஏற்றினார்கள். உள்ளே நெடுக்காகப் பட்டை. வெளியே குறுக்காக வளையம். இதுவே அதன் மறைபொருள்.

வளையத்தை எவ்வாறு ஏற்றுவது? என் இளமையில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவார்கள். மரவட்டையின் சுற்றளவைக் காட்டிலும் சிறிதளவு குறைவாகப் பட்டாவைச் செய்துகொள்வர். அதன்மீது வறட்டியை அடுக்கித் தீமூட்டுவர். பட்டா பழுத்து விரியும். குறட்டால் நாற்புறமும் பிடித்துத் தூக்கி, வட்டையின்மேல் வைத்துத் தட்டி இறக்கி, உடனே குடம்குடமாகத் தண்ணீரைக் கொட்டுவர். இரும்பு குளிர்ந்து சுருங்கி வட்டையை இறுகக் கவ்வும். ஆரக்கால்கள் 'நறுக்'கென்று தத்தம் குழியில் அமரும் ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆணி இல்லை, திருகு இல்லை. வெப்பத்தால் விரிதலும் குளிர்ச்சியால் சுருங்குதலுமே அந்தப் பிடியைத் தந்தன. பீரங்கியின் வளையங்களும் சூட்டோடு ஏற்றப்பட்டு, குளிர்ந்தபோது உட்குழலை இறுகப் பற்றிக்கொண்டன.

இனி நம் காகிதப் பீரங்கிக்கு வருவோம். இக்காலத்தில் வண்ணத்தில் அச்சிட்டு, 'இந்தக் கோட்டில் வெட்டு, இந்தக் கோட்டில் மடி' என்று குறித்த தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டினால் அரைமணி நேரத்தில் அழகான பீரங்கி எழுந்துவிடும். அதனைக் குறைகூற நான் முற்படவில்லை. சிறு பிள்ளைகளின் கைப்பழக்கத்துக்கு அது நன்று. ஆனால், அந்தப் பீரங்கியின் சுவர் ஒரே தாள். உள்ளே பட்டையும் இல்லை, வளையமும் இல்லை. வளையம் போன்ற கோடுகள்தாம் உண்டு. கொல்லன் கண்ட காரணம் அதனுள் இல்லை. நாம் செய்யப்போவது வேறு.

அளவை முதலில் முடிவு செய்வோம். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் கணக்கு எளிது. ஏழரை மீட்டர் நீளம் 30 சென்டிமீட்டராகிறது. உங்கள் அடிக்கோலின் நீளம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர். சுவரின் கனம் 6 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர். வீடுகளில் மின்கம்பி செலுத்தப் பயன்படும் 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், மின்பொருள் கடைகளில் கிடைக்கும். அதில் ஒன்றேகால் அடித் துண்டு போதும். இதுவே நம் அச்சு. பசை ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன்மேல் மெழுகுத்தாளை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பட்டை. பழைய அப்பியாசப் புத்தகத்தின் பின்னட்டை ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். 25 மில்லிமீட்டர் விட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 79 மில்லிமீட்டர். அதனைச் சூழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள 20 பட்டைகள் வேண்டும். மெய்ப் பீரங்கியில் உட்சுற்றளவு 198 சென்டிமீட்டர். பட்டைகள் நாற்பதுக்கு மேல். ஆகவே, ஒவ்வொன்றும் நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் அளவில் நாற்பது பட்டை வெட்டுவது கண்ணுக்கும் கைக்கும் துன்பம் ஆகையால் இருபதோடு நிறுத்துகிறோம். பட்டையின் நீளம் 30 சென்டிமீட்டர். அட்டை சிறு துண்டாக இருந்தால், நீளமான பழைய நாட்காட்டி அட்டையைப் பயன்படுத்தலாம். பட்டைகளை அச்சைச் சுற்றி நிறுத்தி, நூலால் ஐந்தாறு இடங்களில் கட்டி, விளிம்போடு விளிம்பு மட்டும் பசையிட்டு இணையுங்கள்.

மூன்றாவது வளையம். நோட்டுகளுக்கு உறை போடும் பழுப்புத் தாளை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாளின் கனம் என்ன? அடிக்கோலால் அளக்க முடியாது. நூறு மடிப்பை அடுக்கி அழுத்தி அளந்து, நூறால் வகுத்தால் விடை கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்துக்கு 25 சுற்று வேண்டும். பட்டைக் குழலின் வெளிவிட்டம் 27. வளையம் முடியும்போது 32. சராசரி இருபத்தொன்பதரை மில்லிமீட்டர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 93 மில்லிமீட்டர். ஆகவே, ஒரு வளையத்துக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் நாடா செலவாகும். மைதாப் பசையை மெல்லப் பூசி, இழுத்துச் சுற்றுங்கள். இவ்வாறு முப்பது வளையங்கள் வாய் முதல் அடி வரையில் நெருங்கி நிற்கவேண்டும்.

இங்கே ஓர் அழகான ஒற்றுமையைக் கவனிக்கவேண்டும். தாள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் இயல்புடையதன்று. எனினும் அது நனைந்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். பசையில் நனைந்து விரிந்த நாடா, உலரும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுக்குகிறது. மிருதங்கத்துக்குத் தோலை ஈரத்தோடு இழுத்துக் கட்டுவதும் இதனாலேதான். கொல்லன் நெருப்பால் பெற்ற பிடியை நாம் நீரால் பெறுகிறோம். ஆகவே அவசரப்பட்டு வெயிலில் காயவைக்க வேண்டா. ஒரே பக்கம் சுருங்கிக் குழல் கோணிவிடும். நிழலில் இரண்டு நாள் விட்டுவையுங்கள்.

பிறகு இரண்டாம் அடுக்கு வளையம், இதே கனத்தில். இதன் முதல் வளையத்தை மட்டும் அரை சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்குங்கள். அப்பொழுது மேலடுக்கின் மூட்டுகள் கீழடுக்கின் மூட்டுகளுக்கு நேரே வாரா. செங்கல் அடுக்கும் கொத்தனார் மூட்டுக்குமேல் மூட்டு வராமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். இதுவும் உலர்ந்தபின் பிளாஸ்டிக் குழாயை மெல்லத் திருகி உருவிவிடுங்கள்.

அடியை அடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் காகிதக் குழலை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 140 கிராம் இருக்கும். இதிலிருந்து மெய்ப் பீரங்கியின் எடையைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நீளம் 25 மடங்கு, அகலம் 25 மடங்கு, உயரம் 25 மடங்கு. ஆகவே கனஅளவு 25ஐ மும்முறை பெருக்கிய 15,625 மடங்கு. 140 கிராமை அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 2,190 கிலோகிராம். இது காகிதத்தாலான பெரும்பீரங்கியின் எடை. இறுகச் சுற்றிய காகிதத்தைவிட இரும்பு ஏறத்தாழப் பத்து மடங்கு செறிவானது. ஆகவே இரும்புப் பீரங்கியின் எடை 21,900 கிலோகிராம்; கிட்டத்தட்ட 22 டன்! எந்தப் பாரந்தூக்கியும் இல்லாமல், மளிகைக் கடைத் தராசில் தஞ்சைப் பீரங்கியை நிறுத்துவிட்டீர்கள். புத்தகத்தில் கண்ட எண்ணை மனப்பாடம் செய்வது ஒன்று. அந்த எண் தன் கையில் தானே பிறப்பதைக் காண்பது மற்றொன்று. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடி இதுவே: கைத்தொழிலைப் பாடத்தோடு ஒட்டவைப்பதன்று, கைத்தொழிலின் வழியாகவே பாடத்தைப் பெறுவது.

இப்பொழுது தாளைச் சுருட்டி அடியை அடைத்து, அடிப்பக்கத்தின் மேற்புறத்தில் நெருப்பு வைக்கும் சிறுதுளையைக் கவராயத்தின் முள்ளால் குறித்துவிடலாம். கறுப்பு வண்ணம் பூசி, தீப்பெட்டிகளை அடுக்கிச் செய்த தாங்கிகளின்மேல் கிடத்துங்கள். அருகில் 6.8 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அட்டை மனிதனை நிறுத்துங்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் இந்த அளவில் அவ்வளவுதான் இருப்பான். பீரங்கி அவனைப்போல நான்கு மடங்குக்குமேல் நீண்டு கிடப்பதைப் பார்த்தவுடன், எத்தனை கொல்லர், எத்தனை துருத்தி, எத்தனை வண்டிக் கரி என்ற எண்ணம் தானே எழும். அதன் வாய்க்குப் பொருந்த 60 சென்டிமீட்டர் விட்டத்தில் கருங்கல் உருண்டை ஒன்றைச் செய்தால் அது 300 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. வளையம் எதற்கு? பட்டையையே 15 சென்டிமீட்டர் கனத்தில் செய்து நிறுத்தியிருக்கலாமே? இதற்கு விடை காண ஒரு சோதனை உண்டு. பட்டைகளை மட்டும் இணைத்த 10 சென்டிமீட்டர் நீளக் குழல் ஒன்றும், அதன்மேல் வளையம் சுற்றிய அதே நீளக் குழல் ஒன்றும் தனியே செய்துகொள்ளுங்கள். ஆணி கழற்றிய பம்பரம் ஒன்றை எடுத்து, அதன் கூம்பிய பகுதியை முதல் குழலின் வாயில் வைத்து அழுத்துங்கள். பட்டைகள் இணைந்த இடத்தில் நெடுக்காக ஒரு பிளவு ஓடும். இரண்டாவது குழலில் எவ்வளவு அழுத்தினாலும் பம்பரம் வாயிலேயே நின்றுவிடும். பச்சை மூங்கில் தீயில் வெடிக்கும்போதும் நெடுக்காகத்தானே பிளக்கிறது? இதன் காரணம் என்ன?

உள்ளிருந்து அழுத்தும் காற்றோ புகையோ எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அழுத்தும். ஆயினும் குழலின் சுவர் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அதனைத் தாங்குவதில்லை. நம் பட்டைக் குழலையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 25, நீளம் 100, சுவரின் கனம் 1 மில்லிமீட்டர். அதனை நெடுக்காக இருபாதியாகப் பிளக்க முயலும் அழுத்தம் 25ஐ 100ஆல் பெருக்கிய 2,500 சதுர மில்லிமீட்டர் பரப்பில் செயற்படுகிறது. அதனைத் தடுத்து நிற்பவை இருபுறத்துச் சுவர்கள். அவற்றின் வெட்டுப்பரப்பு 200 சதுர மில்லிமீட்டர். ஆகவே சுவரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் உள்ளழுத்தத்தைப்போல் பன்னிரண்டரை மடங்கு தாங்கவேண்டும். வாயும் அடியும் அடைபட்டிருக்கும்போது குழலைக் குறுக்காக இரண்டு துண்டாக இழுத்து அறுக்க முயலும் அழுத்தமோ, வட்டமான 491 சதுர மில்லிமீட்டர் பரப்பில் செயற்படுகிறது. தடுக்கும் சுவரின் வெட்டுப்பரப்பு ஏறத்தாழ 79. இங்கே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் வரும் சுமை ஆறேகால் மடங்குதான். முன்னதில் சரிபாதி! எனவே ஒரு குழல் குறுக்காக அறுபடுவதற்கு முன், நெடுக்காகப் பிளந்துவிடும். அந்தப் பிளவைத் தடுப்பது எது? குழலைச் சுற்றி இறுகப் பிடிக்கும் வளையம். நெடுக்குப் பட்டை எவ்வளவு கனமாயினும், பட்டைக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள மூட்டு பிளக்கும் திசையிலேயே அமைந்திருக்கிறது. வளையத்திலோ பிளவுக்கு எதிராக முழு இரும்பே குறுக்கிட்டு நிற்கிறது.

இந்தக் கணக்கைக் கொல்லர் ஏட்டில் போட்டுப் பார்த்திருக்கவில்லை. ஆனால், எத்திசையில் பிளக்கும் என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது. அத்திசைக்கு எதிராகவே இரும்பைக் கூட்டினர். எழுத்தில் இல்லாததனால் அது அறிவன்று என்று நாம் கருதினால், தவறு நம்முடையதேயாகும்.

தஞ்சைக் கொல்லருக்கு மட்டுமே இம்முறை தெரிந்திருந்தது என்று நாம் பெருமை பேசவும் வேண்டா. ஐரோப்பாவிலும் இம்முறை வழங்கிற்று. 1449இல் செய்யப்பட்டு, 1457இல் ஸ்காட்லாந்து மன்னருக்கு அனுப்பப்பட்ட 'மான்ஸ் மெக்' என்னும் பெரும்பீரங்கி, நெடுக்குப் பட்டையும் வளையமும் கொண்டே அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரியாதை வேட்டு ஒன்றின்போது அது வெடித்துப் பழுதாயிற்று. எடின்பரோ கோட்டையில் இன்றும் அதனைக் காணலாம். வளையங்கள் சிதைந்த இடத்தில், உள்ளே நெடுக்குப் பட்டைகள் வெளித்தெரிகின்றன. கடல்கள் இடைப்பட்ட இரு நாட்டுக் கொல்லரையும் இரும்பின் இயல்பு ஒரே விடைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. உண்மை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதனைத் தன் உழைப்பால் கண்டவர் யாவருக்கும் உரியது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டு அடுக்களைக்குச் சென்று, சமையல் எரிவாயு உருளையை உற்றுப் பாருங்கள். அதன் நடுவில், இடுப்பில் கட்டிய அரைஞாண்போல, சுற்றிவரும் ஒரு பற்றவைப்பு வடு தெரியும். மேற்பாதியும் கீழ்ப்பாதியும் கிண்ணம்போல் தனித்தனியே அழுத்தி உருவாக்கப்பட்டு, அவ்விடத்தில் இணைக்கப்படுகின்றன. நெடுக்காக ஒரு மூட்டும் இராது. ஏன்? நெடுக்கு மூட்டின்மேல் சுமை இருமடங்கு. சுற்று மூட்டின்மேல் அதில் பாதி. மூட்டு இருந்தே தீரவேண்டும் என்றால், சுமை குறைந்த திசையில் இருக்கட்டும் என்று பொறியாளர் முடிவு செய்தார். தஞ்சைக் கொல்லர் கை அறிந்ததையே இவர் கணக்கால் அறிந்தார். நாள்தோறும் நாம் நம்பி அருகில் நின்று சமைக்கும் அந்த உருளையின் பாதுகாப்பு, இந்த ஒரு சிறு உண்மையை ஒருவர் மறவாமல் இருப்பதைப் பொறுத்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் வற்புறுத்தும் செய்தியும் இதுதான். தொழிற்சாலையில் உங்களிடம் ஒரு வரைபடம் தரப்படும். 'இங்கே துளையிடு, இங்கே பற்றவை' என்று அதில் எழுதியிருக்கும். எழுதியபடி செய்பவர் நல்ல தொழிலாளி. துளை ஏன் அங்கே, பற்றவைப்பு ஏன் இந்தத் திசையில் என்று கேட்டு அறிந்தவர்தாம், பிழை நேரும்போது அதனைக் கண்டு நிறுத்த வல்லவர். நாளைய தொழிலில் கைகள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரங்கள் ஏற்றுக்கொள்ளும். 'ஏன்' என்று கேட்பதை அவற்றிடம் விட்டுவிடலாகாது.

முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. காகிதப் பீரங்கி செய்து முடித்த சிறுவர்க்கு, அதனுள் பட்டாசு மருந்தை இட்டுப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. அது கூடவே கூடாது. தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தைச் சேர்ப்பதே கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய செயல். குழலில் அடைத்த மருந்து எவ்வாறு சுவரைப் பிளக்கும் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் படித்தோம். இரும்பு வளையம் பூண்ட மான்ஸ் மெக்கே பிளந்தது என்றால், தாள் எம்மாத்திரம்? சோதனைக்குப் பம்பரம் போதும்.

பீரங்கி விளையாட்டுப் பொருளன்று என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள புள்ளலூரில், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஐதர் அலியும் திப்புவும் தளபதி பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தனர். போர் நடுவில் கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அவ்வழியே செல்லும்போது, அந்த அமைதியான வயல்களில் இரு திறத்தாரும் எத்துணைப் பேரைப் பறிகொடுத்தனர் என்று நான் எண்ணாமல் இருப்பதில்லை. பீரங்கியை ஆக்கிய அறிவைப் போற்றுவோம். அது செய்த அழிவை அன்று. அதே அறிவுதான் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஆயிற்று; எரிவாயு உருளையாயிற்று. எதற்குப் பயன்படுத்துவது என்பது இரும்பின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

காகிதம் எளியதென்று எள்ளற்க. தஞ்சையின் தலையாட்டிப் பொம்மையும், காஞ்சியில் கொலுவுக்குச் செய்யும் பொம்மைகளும் காகிதக் கூழிலிருந்து உயிர்பெற்றவையே. பழைய நோட்டின் அட்டை, உறை போட்ட தாளின் மிச்சம், ஒரு கரண்டி மைதா, ஒரு வாரப் பொறுமை ஆகிய இவைதாம் இதற்கு வேண்டிய மூலப்பொருள்கள். செய்து முடித்தபின், வாய்ப்பு நேரும்போது, ஒருமுறை பீரங்கிமேட்டுக்குச் சென்று வாருங்கள். அந்தக் கரிய உடலில் வரிவரியாகத் தெரியும் வளையங்களைப் பாருங்கள். மற்றவர்கள் அங்கே ஒரு பெரிய பீரங்கியைக் காண்பார்கள். நீங்களோ ஒவ்வொரு வளையத்திலும் அதனை ஏற்றிய கைகளைக் காண்பீர்கள்.